வெட்டுக்கு வைத்த வகுப்பு

அக்டோபர் 4

மார்வா,

இல்லை, நான் கேட்டு வாங்கவில்லை. யாரும் கேட்டு வாங்குவதில்லை என்பது உனக்கே தெரியும். செப்டம்பர் துறைக் கூட்டத்தன்று எனக்குப் பல்லில் வேர் சிகிச்சை. மரத்துப்போன வாயோடு வீட்டுக்கு வந்து படுத்தேன். எழுந்தபோது ஆங்கிலத் துறைத் தலைவர் ஆகியிருந்தேன்.

நம் துறையின் மூத்தவர் பர்ல் எக்கார்ட்தான் போனில் சொன்னார்.

"ஒருமனதா உன்னையத் தேர்ந்தெடுத்துட்டோம்மா."

"நான் அங்க இல்லவே இல்லையே, பர்ல்."

"அதனாலதான் ஒருமனதா."

வராதவர் தலையில் கட்டுவது நம் துறையின் வழக்கம். நான் பார்த்தவரை பர்ல் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. ஒருமுறை நிமோனியாவோடு வந்து உட்கார்ந்திருந்தார். அதைக் கடமையுணர்வு என்று நினைத்திருந்தேன்.

இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். அரசுக் கல்லூரி என்பதால் அதன் மின்னஞ்சல் பொதுச் சொத்து. யார் மனுப் போட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். போனில் பேசினால் ஆகஸ்டில் ஆனது போல ஆகிவிடும். ஆகஸ்டைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீ எழுதினால் படிப்பேன்.

டேலுக்கு எப்படி இருக்கிறது? கூரையிலிருந்து விழுந்தவரைப் பற்றி முதலில் கேட்டிருக்க வேண்டும். உன் அண்ணனிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். புது டீன் கார்லண்ட் ஸ்ட்ரௌட், மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து வந்தவர். துறையின் அடுத்த ஐந்து வருடத் திட்டம் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன் தன் மேசையில் இருக்க வேண்டும் என்கிறார். முதல் சந்திப்பிலேயே கேட்டார்: "எல்லாத்தையும் இப்ப மெஷினே எழுதிக் குடுத்துடுது. எழுதச் சொல்லிக் குடுக்க இத்தனை பேர் எதுக்கு?" கேலியாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். என்னிடம் பதில் இருந்தது. நீளமான பதில். அவர் திருப்பிக் காட்டிய திரையில் அதற்கு ஒரு வரி அளவுக்குக் கட்டம் இருந்தது.

தலைவருக்கென்று ஓர் அறை. ஜன்னல் கிடையாது. கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

திட்டத்தில் ஒரு புதிய நிரந்தரப் பதவி கேட்கப் போகிறேன். யாருக்கு என்று பெயர் எழுதக் கூடாது. எழுதாவிட்டாலும் உனக்குத் தெரியும்.

ரெனாட்டா


ஈரி, அக்டோபர் 13

துறைத் தலைவர் ரெனாட்டா கோசிக் அவர்களின் சமூகத்துக்கு,

பகுதிநேர ஆசிரியை மார்வா ஹேட்சர் எழுதிக்கொள்வது. நலம். டேலின் இடுப்பில் கால் கிலோ உலோகம் வைத்திருக்கிறார்கள். அவன் சோபாவிலிருந்தபடியே ஆட்சி நடத்துகிறான். "மார்வா, ரிமோட்டு!" "உன் முதுகுக்குக் கீழதான் இருக்கு, மகராசா." "எடுத்துக் குடுக்கக் கூடாதா?" எங்கள் நாள் இப்படித்தான் போகிறது. மதியம் டப்பா சூப். ஜன்னலில் ஏரி. ஏரி என்றால் சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் எத்தனையோ கூட்டங்களுக்கு வந்ததில்லை, ரெனாட்டா. ஒருவரும் என்னைத் தேர்ந்தெடுத்ததில்லை. பகுதிநேரக்காரர்கள் வராமல் இருப்பதுகூடக் கணக்கில் சேராது.

ஆகஸ்டைப் பற்றி நானே எழுதுகிறேன், ஒரே ஒரு தடவை. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பதவிக்கு நாம் இருவரும் மனுப் போட்டோம். உனக்குக் கிடைத்தது. எனக்கு அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தம் வந்தது, அதற்கடுத்த பருவத்துக்கும் வந்தது. என் காரின் டிக்கிதான் என் அலுவலகம். நீ ஒருநாளும் அதற்காக என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டதில்லை. அதற்கு நான் உனக்கு நன்றியோடு இருந்தேன். ஆகஸ்டில் பரிதாபப்பட்டுவிட்டாய். "எனக்குக் கஷ்டமா இருக்கு மார்வா, அது உனக்குக் கிடைச்சிருக்கணும்." அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். காரணம் இதுதான்.

எனக்காக எதையும் கேட்காதே. துறைக்காகக் கேள். கிடைத்தால் எல்லோரையும் போல நானும் மனுப் போடுகிறேன்.

நீயும் பர்லின் பழைய வித்தையைத்தான் செய்யப்போகிறாயா? யாரும் தொடத் துணியாத ஒன்றை எடுத்து, "ஆள் தராவிட்டால் இதை மூடிவிடுகிறோம்" என்று எழுதுவது. டீன் பதறிப்போய் ஓர் ஆளைக் கொடுப்பார். போன திட்டத்தில், அப்போது தலைவராயிருந்த பர்ல் நூலகத்து எழுத்துதவி மையத்தை மூடுவதாக எழுதினார். இரண்டு வருடம் இழுத்தடித்து அதற்குக் கொடுக்கப்பட்ட ஆள் நீ.

இந்த முறை எதை வெட்டுக்கு வைக்கிறாய்?

ஜனவரியில் ஹார்க்கர்ஸ் பெண்ட் கிளையில் என் மாலை வகுப்பு. ட்வைலா ஸ்பர்லாக் மறுபடியும் சேர்ந்திருக்கிறாளாம். முதல் தடவை அம்மா இறந்து பாதியில் நின்றாள். இரண்டாம் தடவை முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்டு போட்டுவிட்டார்கள். இந்த ஒரு பாடம் முடிந்தால் நர்சிங்கில் இடம் கிடைக்கும். அவளுக்காகவாவது டேல் எழுந்து நடந்து என்னை அனுப்பியாக வேண்டும்.

மார்வா


நவம்பர் 3

மார்வா,

திட்டத்தை அனுப்பிவிட்டேன். எதை வைத்தேன் என்று இதில் எழுதவில்லை. நேரில் சொல்கிறேன்.

கூட்டம் நன்றாக நடந்தது. இந்தத் துறையில் நன்றாக என்றால் எல்லோரும் வந்திருந்தார்கள் என்று அர்த்தம். யாராவது டோனட் வாங்கி வருவார்கள். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

வெட்டுக்கு நான் ஒரு சிறிய வகுப்பைச் சொன்னேன். பர்ல் தலையை ஆட்டினார். "வலிக்கிற எடமாப் பாத்து வைம்மா. வலிக்காத எடத்த வச்சா நெஜமாவே வெட்டிருவாங்க."

"புது டீனுக்கு இந்த விளையாட்டு தெரியுமா?"

"டீன்னா தெரியாம இருக்குமா?"

அந்தக் கேள்வியை நான் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். டோனட் தீர்ந்துவிட்டது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

கட்டங்களை நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் ஐந்து வருடத்துக்குத் திருத்த முடியாது என்று சிவப்பில் எழுதியிருந்தது. அழுத்தினேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. நாற்காலியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதை மட்டும் எழுதிவைக்க விரும்பினேன்.

ரெ.


ஈரி, நவம்பர் 12

ரெனாட்டா,

"அனைவரின் கருத்துக்காக" என்று திட்டத்தைக் கல்லூரி இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். நானும் அனைவரில் ஒருத்தி. டேலின் சமையலறையில் நின்றபடி படித்தேன். நீ நேரில் சொல்வதற்காக ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஹார்க்கர்ஸ் பெண்ட் மாலை வகுப்பு.

இதை நீ எதற்காகச் செய்தாய் என்று தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லூரிக்கு இருப்பது அந்த ஒரு கிளைதான். அந்தப் பழைய மளிகைக் கடைக் கட்டடத்தை வகுப்பாக்கித் திறந்தபோது பாதி மாவட்டம் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. இறைச்சிப் பிரிவு இருந்த இடத்தில் நான் பாடம் நடத்துகிறேன், தரையில் வடிகால் ஓட்டை இன்னும் இருக்கிறது. ஆனாலும் அதைத் தொட ஒரு டீனுக்கும் தைரியம் வராது என்பது உன் கணக்கு. அதை வைத்து ஒரு பதவியை வாங்கி அதில் என்னை உட்கார வைப்பாய். நல்ல திட்டம். என் வீட்டை அடகு வைத்து எனக்கே பரிசு வாங்கி வருகிறாய்.

என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை.

அந்த டீன் மருத்துவமனையிலிருந்து வந்தவர் என்று நீயே எழுதினாய். அங்கே ஒருவர் காலை வெட்டலாம் என்று எழுதினால் அதற்கு அர்த்தம் காலை வெட்டுவதுதான்.

மா. ஹே.


நவம்பர் 21

மார்வா,

நீ எழுதியபடியே ஆனது.

ஸ்ட்ரௌட் எழுந்து நின்று கைகொடுத்தார். "எல்லாத் துறையும் எங்கிட்ட அழுதுச்சும்மா. நீங்க ஒருத்தர்தான் எதை விடணும்னு தெரிஞ்சு எழுதியிருக்கீங்க. துணிச்சல்." என் திட்டத்தை மற்ற துறைகளுக்கு மாதிரியாகக் காட்டப்போவதாகச் சொன்னார். ஜனவரியிலிருந்து மாலை வகுப்பு இல்லை. புதிய பதவியும் இல்லை. வகுப்புகள் குறையும்போது ஆள் எதற்கு என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன், மார்வா. அங்கேயே சொன்னேன். "அது நெஜமா எழுதினது இல்லைங்க. நாங்க எப்பவும் அப்படித்தான் எழுதுவோம். நீங்க மறுப்பீங்கன்னு நெனச்சுதான்."

நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இதுல வேற எதெல்லாம் நெஜமா எழுதினது இல்ல?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். திட்டத்தில் பர்லின் வகுப்புகள் இருக்கின்றன. மாணவர்கள் போதாமல் தள்ளாடும் எல்லோருடைய வகுப்புகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் கொஞ்சம் ஊதித்தான் எழுதியிருந்தேன். ஒரு நூலை இழுத்தால் முழுதும் வந்துவிடும்.

வெளியே பர்ல் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "நோண்டாத, ரெனாட்டா. கெஞ்சிக் கேக்குறேன். நீ ஒண்ணைக் காப்பாத்தப் போயி எல்லாரையும் எறக்கி விட்றாத."

"மார்வா?"

"நல்ல பொண்ணு. எங்க போனாலும் பொழச்சுக்குவா."

எனக்கு அவரை அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. என் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். தலைவர் பதவி மூன்று வருடம். திட்டம் ஐந்து வருடம். விலக முடியுமா என்று விதியைப் பார்த்தேன். வேறொருவர் தேர்ந்தெடுக்கப்பட்டால் விலகலாம். அதற்கு யாராவது ஒரு கூட்டத்துக்கு வராமல் இருக்க வேண்டும். இனி யாரும் வராமல் இருக்கப் போவதில்லை.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றை எழுதி அடித்துவிட்டேன். அது பரிதாபம் போலத் தெரிந்தது.

ரெனாட்டா


ஈரி, நவம்பர் 30

உன் கடிதத்தைப் பிரிக்கவில்லை. டேல்தான் பிரித்துச் சத்தமாகப் படித்தான். தேங்க்ஸ்கிவிங் விருந்தின் வான்கோழி மிச்சத்தைத் தின்றுகொண்டே படித்தான்.

"இந்தப் பொண்ணு உனக்கு ஃப்ரெண்டா, எதிரியா?"

"தெரிஞ்சா இத்தனை தபால் தலை வாங்கியிருப்பேனா?"

இப்போதைக்கு இவ்வளவுதான்.

மா.


டிசம்பர் 9

மார்வா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

வசந்தப் பருவத்தில் என் கவிதை வகுப்புக்கு ஆள் சேரவில்லை. ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு ஒரு வகுப்புக் குறைகிறது. நிரந்தர ஆசிரியருக்குக் குறைந்தால் வேறொன்றைக் கொடுத்து நிரப்ப வேண்டும் என்று தொழிற்சங்க ஒப்பந்தம் சொல்கிறது.

ஸ்ட்ரௌட் கூப்பிட்டார். "ஹார்க்கர்ஸ் பெண்ட் வகுப்பை மூட வேண்டியதில்ல. நீங்களே எடுங்க. உங்களுக்குச் சம்பளம் எப்படியும் போகுது. கல்லூரிக்குக் கூடுதலா ஒண்ணும் ஆகாது. நீங்கதானே அதுக்காகக் கண் கலங்குனீங்க?"

உதவி செய்கிறேன் என்றுதான் அவர் நினைக்கிறார்.

மாட்டேன் என்றால் வகுப்பு இல்லை. ட்வைலா ஸ்பர்லாக் கல்லூரிக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். இரவு அந்தப் பக்கம் திரும்பிப் போகப் பஸ்ஸே கிடையாது. சரி என்றால் வகுப்பு இருக்கிறது. அதில் நான் இருக்கிறேன்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இது இரண்டாம் முறை. முதல் முறை என் கையில் இல்லை. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பருவ இடைவேளைக்கு முன் பதில் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். எடுக்காதே என்றால் எடுக்க மாட்டேன். உண்மையாக.

ரெனாட்டா


ஈரி, டிசம்பர் 15

ரெனாட்டா,

முடியாது.

எடுக்காதே என்று நான் சொன்னால் ட்வைலாவின் வகுப்பை மூடியவள் நானாகிவிடுவேன். எடுத்துக்கொள் என்றால் நீ சுத்தமாகப் போய் நிற்பாய், மார்வாவே சொன்னாள் என்று. இரண்டில் எதையும் உனக்குத் தரமாட்டேன். நீயாக ஏதாவது செய். செய்துவிட்டு அதோடு இரு. பகுதிநேரக்காரியாக நான் எட்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறேன்.

முந்தாநாள் ட்வைலா போன் செய்தாள். "டீச்சர், எங்க வகுப்பை எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்களே, நெஜமா?" "பாக்கலாம், ட்வைலா." "பாக்கலாம்னா? நான் ஷிப்டு மாத்திக்கணுமா வேணாமா?" நான் அதற்கும் பாக்கலாம் என்றேன். அந்தப் பெண்ணிடம் முதல்முறையாகப் பொய் சொன்ன மாதிரி இருந்தது. ஆக, உன் திட்டத்தின் பொய்க் கட்டத்துக்குள் இப்போது நானும் இருக்கிறேன். வரவேற்பு ஒன்றும் பலமாக இல்லை.

எனக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது. படகுக் காப்பீட்டு அலுவலகம். "உங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது" என்று இயந்திரம் எழுதும் கடிதங்களை, மனிதர் எழுதியது போல மாற்றிக் கொடுக்க வேண்டும். சிரிக்காதே. எனக்கென்று மேசை இருக்கிறது. மருத்துவக் காப்பீடு இருக்கிறது. எழுதச் சொல்லிக்கொடுக்க ஆள் எதற்கு என்று உன் டீன் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த மேசையில்தான் இருக்கிறது என்று சில சமயம் தோன்றுகிறது. அது நல்ல பதில் இல்லை.

நான் திரும்பி வரவில்லை. இது உன் மேல் கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. கோபம் தனியாக இருக்கிறது.

நீ நல்ல ஆசிரியை. மூன்று வருடமாக எனக்குப் பிடிக்காத விஷயம் அதுதான். நீ மோசமாகப் பாடம் நடத்தியிருந்தால் உன்னை வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

மார்வா


ஜனவரி 16

மார்வா,

இந்த முறை உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே ஸ்ட்ரௌடிடம் போனேன். எடுக்கிறேன் என்றேன். சந்தோஷப்பட்டார். எனக்கு நன்றி சொல்லத் தோன்றியது, பழக்கத்தில். வாயை மூடிக்கொண்டேன். ட்வைலாவைக் கூப்பிட்டு ஷிப்டை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். யார் பேசுவது என்று கேட்டாள். கல்லூரியிலிருந்து என்று மட்டும் சொன்னேன். அதுவும் ஒரு "பாக்கலாம்"தான்.

பர்ல் தட்டிக் கொடுத்தார். "பாத்தியா, கடைசில எல்லாம் சரியாப் போச்சு." எதுவும் சரியாகவில்லை என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை, அல்லது கேட்டது. அடுத்த கூட்டத்தின் தேதியைச் சொல்லிவிட்டுப் போனார். இனி எல்லாக் கூட்டங்களுக்கும் நான் போவேன். நிமோனியா வந்தாலும் போவேன். அந்த மனிதனை எனக்கு இப்போது புரிகிறது. புரிவது பிடிக்கவில்லை.

என்னைப் பிடிக்காமல் போவதற்கு உனக்கு உரிமை உண்டு என்று எழுத நினைத்தேன். அந்த உரிமையைக் கொடுப்பதற்கு நான் யார்.

செவ்வாய் மாலை பாலத்தைக் கடந்து போனேன். ஆறு தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். நான் போகும்போதே எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் கோட்டைக் கழற்றவில்லை. ஹீட்டர் வேலை செய்யவில்லை. முதல் வரிசையில் முதியோர் இல்லத்துச் சீருடையில் இருந்தது ட்வைலா என்று கேட்காமலே தெரிந்தது.

"மார்வா டீச்சர் எங்கங்க?"

"ஈரியில."

"எப்ப வர்றாங்க?"

"வரமாட்டாங்க."

"ஒடம்புக்கு ஏதாச்சும்...?"

"இல்ல. நல்லா இருக்காங்க. இது அவங்க வகுப்பு. மூடச் சொல்லி எழுதினது நான். இப்ப எடுத்துக்கிட்டதும் நான்."

பின்வரிசையில் சிறைக்காவலர் சீருடையில் இருந்த ஒருவர், "ஏங்க, ரெண்டையும் ஒருத்தரே செஞ்சீங்களா?" என்றார். சிலர் சிரித்தார்கள். ட்வைலா சிரிக்கவில்லை.

"அவங்க இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

"ஆமா."

அவள் என்னைப் பார்த்தாள். விளக்கத்தை எதிர்பார்த்த மாதிரி இல்லை. எடை போட்ட மாதிரி இருந்தது. பிறகு கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"சரி, ஆரம்பிங்க. நான் முடிச்சுட்டு வேலைக்குப் போகணும்."

கோட்டைக் கழற்றாமலே மேசைக்குப் போய், வருகைப் பதிவேட்டைத் திறந்து, முதல் பெயரைக் கூப்பிட்டேன்.

ரெனாட்டா